கன்னத்தில் பூசியது கன்னத்தோடு நிற்கவில்லை

முதலில் கண்ணில் பட்டது தலையணை உறைதான். வாங்கி ஆறு மாதம்கூட ஆகாத கருநீல உறை. அதன் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு, துருவின் நிறத்துக்கும் ஆரஞ்சுத் தோலின் நிறத்துக்கும் இடைப்பட்ட ஒரு திட்டு தெரிந்தது. கறை என்று நினைத்து ஊறவைத்தோம், தேய்த்தோம், மறுபடியும் துவைத்தோம். ஒவ்வொரு துவைப்புக்குப் பிறகும் அது மங்குவதற்குப் பதிலாக இன்னும் தெளிவாகத் துலங்கியது. புதிதாக மாற்றிய சலவைத்தூளின் மேல் என் மனைவிக்குச் சந்தேகம். சலவை இயந்திரத்தின் மேல் எனக்கு. இரண்டு வாரம் கழித்துக் குளியலறைத் துண்டின் ஓரத்தில் அதே நிறம் தலைகாட்டியது. அதன் பிறகு அவளுடைய இரவு உடையின் தோள்பட்டையில், சரியாக நான் தலை சாய்க்கும் இடத்தில், இன்னொரு திட்டு. "உங்க கன்னம் என் தோள்ல அச்சாயிருக்கு" என்று அவள் அதை விரித்துக் காட்டியபோதுதான் சலவைத்தூளுக்கு விடுதலை கிடைத்தது.

குற்றவாளி என் முகத்தில் இருந்தது. இனி வரவே வராது என்று நம்பியிருந்த முகப்பரு முப்பத்து நான்காம் வயதில் தாடையோரமாகத் திரும்பி வந்தபோது, தோல் மருத்துவர் இரண்டு ட்யூப்களை எழுதிக்கொடுத்திருந்தார். இரவில் பூசுவதற்கு அடாப்பலீனும் பென்சாயில் பெராக்சைடும் கலந்த ஜெல். காலையில் பூசுவதற்குக் கிளிண்டமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஜெல். "முதலில் கொஞ்சம் வறளும், உரியும், வெயிலில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அவர் சொல்லி அனுப்பினார். சொன்னதில் பிழை ஏதும் இல்லை. மூன்றும் அப்படியே நடந்தன. ஆனால் துணி வெளுக்கும் என்றோ, தாடியின் நிறம் மாறும் என்றோ, வாயோரம் வெடித்துக் கொட்டாவி விடக்கூடப் பயப்பட வேண்டியிருக்கும் என்றோ அவர் சொல்லவில்லை. அவை எல்லாம் பெட்டிக்குள் பல மடிப்பாக மடித்து வைக்கப்பட்டிருந்த மெல்லிய தாளில், எறும்புச் சாரி போன்ற எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தன. அந்தத் தாளைப் பெட்டியோடு சேர்த்து முதல் நாளே குப்பையில் போட்டவன் நான்தான்.

ஏன் போட்டேன் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். விழுங்குகிற மாத்திரையாக இருந்திருந்தால் நிச்சயம் படித்திருப்பேன். வயிற்றுக்குள் போவதை மருந்து என்று மதிக்கிற நமக்கு, தோலின் மேல் தடவுவது சோப்புக்கும் பவுடருக்கும் அடுத்த தட்டில் இருக்கிற பொருளாகவே தோன்றுகிறது. வேண்டாமென்றால் கழுவிவிடலாம், போட்ட இடத்தில் மட்டும்தான் வேலை செய்யும், இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போட்டால் இன்னும் சீக்கிரம் குணமாகும் என்ற மூன்று நம்பிக்கைகளோடுதான் நான் அந்த ட்யூப்பைத் திறந்தேன். அடுத்த நான்கு மாதங்களில் மூன்றும் ஒவ்வொன்றாகப் பொய்த்தன.

பென்சாயில் பெராக்சைடிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் அதிக சேதம் விளைவித்தது அதுதான். தோலில் பட்டதும் அது சிதைந்து பென்சாயிக் அமிலமாக மாறுகிறது. அப்போது வெளிப்படுகிற, ஆக்சிஜன் சார்ந்த வீரியமிக்க மூலக்கூறுகள் மயிர்க்காலின் அடியில் காற்றில்லாத இடத்தில் வாழும் பருக் கிருமியைக் கொல்கின்றன. ஆன்டிபயாடிக்குகளுக்குப் பழகிப்போகும் கிருமிகள் இதற்குப் பழகுவதில்லை என்பதால்தான் இத்தனை ஆண்டுகளாக மருத்துவர்கள் இதைக் கைவிடாமல் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த மூலக்கூறுகளுக்குக் கிருமி எது, துணிச்சாயம் எது என்ற பேதம் தெரியாது. மாவை வெண்மையாக்குவதற்கு ஆலைகளில் பயன்பட்டுவந்த வேதிப்பொருளும் இதேதான். என் தலையணை உறையில் இருந்தது கறையல்ல, நிறம் போன இடம். நீலம் சிதைந்து, அதனடியில் இருந்த செம்மஞ்சள் மட்டும் எஞ்சியிருந்தது. இல்லாத நீலத்தை எந்தச் சலவைத்தூள் திருப்பிக் கொண்டுவரும்? ஈரமும் வியர்வையும் சேரும்போது மருந்து இன்னும் எளிதாகத் துணிக்கு இடம் மாறுகிறது. பூசிய கையைச் சரியாகக் கழுவாமல் எதைத் தொட்டாலும் அதிலும் கைவரிசையைக் காட்டுகிறது. எங்கள் சோபாவின் கைப்பிடியில் நான்கு விரல்களின் தடம் இன்றும் இருக்கிறது.

துணிக்கு அடுத்தது தாடி. கன்னத்தின் இருபுறமும் தாடி ஓரமாக இரண்டு விரல் அகலத்துக்கு முடி செம்பு நிறமாக மாறியதை நான் கவனிக்கவே இல்லை. தினமும் பார்க்கிற கண்ணாடியில் மெல்ல நடக்கும் மாற்றம் தெரிவதில்லை. முடி வெட்டுபவர்தான், கத்தரியை நிறுத்திவிட்டு, "கலர் அடிச்சீங்களா சார்? ஓரத்துல மட்டும் அடிச்சிருக்கீங்க" என்று கேட்டார். புருவத்திலும் நெற்றியோர முடியிலும் இது நடக்கலாம். புதிதாக வளரும் முடி இயல்பான நிறத்திலேயே வரும் என்பதால் கவலைப்பட ஏதுமில்லை. இருந்தாலும், முகப்பருவை மறைப்பதற்காகத் தாடி வளர்த்தவனுக்கு அந்தத் தாடியே ஊரைக் கூட்டி அறிவிப்பது கொஞ்சம் கொடுமைதான்.

டாப்சோன் என்ற இன்னொரு ஜெல் இருக்கிறது. தொழுநோய் சிகிச்சையில் மாத்திரையாகப் பல பத்தாண்டுகளாகப் பயன்படும் அதே மருந்து, முகப்பருவுக்கு 5 விழுக்காட்டு ஜெல்லாக 2005-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதையும் பென்சாயில் பெராக்சைடையும் ஒரே நேரத்தில் பூசினால் தோலும் முகத்து முடியும் தற்காலிகமாக மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ மாறக்கூடும். இரண்டு வெவ்வேறு மருத்துவர்களிடம் இரண்டு வெவ்வேறு ட்யூப்களை வாங்கி, இருவரிடமும் மற்றதைப் பற்றிச் சொல்லாமல் இருப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இனி ஜெல்லின் மறுபாதி. அடாப்பலீன், ட்ரெட்டினாயின், டாஸரோட்டீன் முதலியவை ரெட்டினாய்டு வகையைச் சேர்ந்தவை. வைட்டமின் ஏ-யின் உறவுக்காரர்கள். மயிர்க்காலின் வாயில் செத்த செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடைத்துக்கொள்வதுதான் பருவின் தொடக்கம். அந்த ஒட்டுதலைத் தளர்த்தி, செல்கள் உதிரும் வேகத்தைச் சீராக்குவது இவற்றின் வேலை. வேலை நடக்கும்போதே மேல்தோலின் வெளியடுக்கு மெலிந்து இளகிவிடுவதால் வறட்சியும் சிவப்பும் உரிதலும் வருகின்றன. முதல் நான்கு வாரங்களில் இவை உச்சத்தில் இருந்து பிறகு பெரும்பாலும் தணிந்துவிடும் என்பதைத்தான் மருத்துவர் "கொஞ்சம் உரியும்" என்று சுருக்கிச் சொல்லியிருந்தார்.

அந்தக் "கொஞ்சம்" என் விஷயத்தில் நிறையவே ஆனதற்கு நான்தான் காரணம். முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு போதும் என்று சொல்லப்பட்டிருந்தும், கன்னத்துக்கு ஒரு பட்டாணி, நெற்றிக்கு ஒன்று, தாடைக்கு ஒன்று என்று ஒரு சுண்டல் அளவுக்குப் பூசிக்கொண்டிருந்தேன். முகம் கழுவியவுடன் ஈரத்தோடு பூசியது இரண்டாவது தவறு. ஈரத் தோலில் எரிச்சல் கூடும் என்பதால் நன்றாகத் துடைத்து, உலர்ந்த பிறகுதான் பூச வேண்டும். பதின்மூன்றாம் நாள் காலை எழுந்தபோது வாயின் இரு ஓரங்களும் கீறிவிட்டதுபோல் வெடித்திருந்தன. அந்த இடத்தில் நான் ஒரு நாளும் மருந்து பூசியதில்லை. மூக்கின் மடிப்பிலும் கண்ணின் வெளியோரத்திலும்கூட அப்படியே. மருந்து பூசிய இடத்திலேயே நிற்காமல், எண்ணெய்ப்பசையோடும் வியர்வையோடும் மெல்ல நகர்ந்து, முகத்தில் எங்கெல்லாம் மடிப்பு இருக்கிறதோ அங்கெல்லாம் போய்த் தேங்குகிறது என்பது அன்றுதான் விளங்கியது. அந்த இடங்களில் தோல் மெல்லியது என்பதால் எரிச்சலும் அங்கேதான் அதிகம். பற்பசையின் நுரை பட்டாலே கண்ணில் நீர் வந்தது. இப்போதெல்லாம் ஜெல் பூசுவதற்கு முன் வாயோரத்திலும் மூக்கோரத்திலும் வாசலின் தடவி ஒரு வரப்பு கட்டிவிடுகிறேன். வெடிப்பு அதன் பிறகு வரவில்லை.

மூன்றாவது வாரம் நடந்ததுதான் என்னைச் சோர்வடையச் செய்தது. இருந்த பருக்களோடு, அதுவரை இல்லாத பருக்களும் ஒரே நேரத்தில் கிளம்பின. மருந்து பூசப் பூசப் பரு கூடுகிறதென்றால் அது என்ன மருந்து? அந்த வாரம் அதை நிறுத்திவிட முடிவே செய்திருந்தேன். மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டதால் தப்பித்தேன். வெளியே தெரியாமல் தோலுக்கடியில் அடைபட்டுக் கிடக்கிற நுண்ணிய அடைப்புகள் எல்லாம், செல்களின் ஓட்டம் வேகமெடுத்ததும், வாரக்கணக்கில் வரிசையாக வெளிவர வேண்டியவை ஒரே கூட்டமாக மேலேறி வந்துவிடுகின்றன என்று அவர் விளக்கினார். எப்போதும் பரு வருகிற இடங்களில் வந்து, சீக்கிரம் காய்ந்து, சில வாரங்களில் ஓய்ந்தால் அது இந்த வகை. இதுவரை பருவே வராத இடத்தில் சின்னச் சின்னதாக, அரிப்போடு கிளம்பினால் அது வேறு. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். இந்த மருந்துகளின் பலனைக் கணிக்க எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் காத்திருக்க வேண்டும் என்கிறார்கள். பலன் தெரிவதற்கு முன்பே தொல்லைகள் முழுவதுமாகத் தெரிந்துவிடும் இந்த ஏற்பாட்டில், பாதிப் பேர் நான்காம் வாரத்திலேயே ட்யூப்பைத் தூக்கி எறிந்தால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நம்மைப் போன்ற மாநிறத் தோலுக்கும் கருத்த தோலுக்கும் இதில் இன்னொரு சிக்கல் உண்டு. தோலில் எந்தக் காரணத்தால் அழற்சி ஏற்பட்டாலும், அது ஆறிய இடத்தில் நிறமி கூடிக் கருந்திட்டு விழும். பரு விட்டுச்செல்லும் கறுப்புத் தடத்துக்குக் காரணம் இதுதான். பருவுக்குப் பூசிய மருந்து அளவு மீறி எரிச்சலை உண்டாக்கினால், அந்த எரிச்சலும் அதே போன்ற தடத்தை விட்டுச்செல்லும். என் இடது தாடையில் விழுந்த அரை ரூபாய் அளவுத் திட்டு பருவால் வந்ததல்ல. மூன்று பட்டாணி பூசியதால் வந்தது. பரு பத்து நாளில் போய்விட்டது. திட்டு ஏழு மாதம் இருந்தது. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டிருந்தால் முதல் இரண்டு வாரங்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் பூசி, மாய்ஸ்சரைசரைத் தாராளமாகப் போட்டு, மெதுவாகப் பழக்கியிருப்பேன். வீரியத்தைக் கூட்டினால் பலன் கூடும் என்ற எண்ணத்துக்கும் பெரிய ஆதாரம் இல்லை. பென்சாயில் பெராக்சைடை 2.5, 5, 10 விழுக்காடுகளில் ஒப்பிட்டு 1986-இல் வெளிவந்த ஆய்வு, சிவந்து வீங்கும் பருக்களைக் குறைப்பதில் 2.5 விழுக்காடு மற்ற இரண்டுக்கும் சளைக்கவில்லை என்றும், எரிச்சல் 10 விழுக்காட்டைவிடக் குறைவு என்றும் காட்டியது.

அக்காவின் கதையையும் சொல்லத்தான் வேண்டும். சொல்ல அவள் அனுமதி கொடுத்துவிட்டாள். எங்கள் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தபோது, மேலுதட்டுக்கு மேல் இருந்த சில பருக்களுக்கு என் ட்யூப்பிலிருந்தே எடுத்துப் பூசிக்கொண்டாள். எழுதிக்கொடுத்த மருந்தை இன்னொருவர் பூசக்கூடாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும், தெரிந்தே செய்தோம். ஒரு திருமணத்துக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் மேலுதட்டில் வேக்ஸிங் செய்துகொள்ளப் போனாள். மெழுகுப் பட்டையை இழுத்தபோது முடியோடு சேர்ந்து தோலின் மேலடுக்கும் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்தபோது மீசை வைக்கிற இடத்தில் ஈரமாகப் பளபளக்கும் ஒரு சிவப்புப் பட்டை. "டேய், மீசை போச்சுன்னு பார்த்தா தோலும் போச்சுடா" என்று சிரிக்கத்தான் செய்தாள். ஆனால் அடுத்த இரண்டு நாளும் தண்ணீர் பட்டாலே முகம் சுளித்தாள். ரெட்டினாய்டு பூசும் இடத்தில் வேக்ஸிங் கூடாது என்பது துண்டுத்தாளில் தனி வரியாகவே இருக்கிறது. மெழுகு பிடித்து இழுக்கிற அந்த மேலடுக்கைத்தான் மருந்து ஏற்கெனவே தளர்த்தி வைத்திருக்கிறது. பியூட்டி பார்லரில் இதைக் கேட்கிறவர்களும் உண்டு, கேட்காதவர்களும் உண்டு. நாமே சொல்லிவிடுவது நல்லது. ஷேவிங்கிலும் இதன் சிறு வடிவத்தை நான் அனுபவித்தேன். ஆல்கஹால் கலந்த ஆஃப்டர்ஷேவை அந்தக் காலத்தில் ஒருமுறை போட்டேன். ஒரே ஒரு முறை.

அவள் கருவுற்றிருந்தால் அந்த விளையாட்டு வேறு மாதிரி ஆகியிருக்கும். வாய்வழி உட்கொள்ளும் ரெட்டினாய்டுகள் கருவுக்குக் கடும் ஊனத்தை ஏற்படுத்துபவை. பூசும் வகையில் உடலுக்குள் சேரும் அளவு மிகக் குறைவுதான் என்றாலும், கர்ப்ப காலத்தில் அவற்றையும் தவிர்க்கவே சொல்கிறார்கள். டாஸரோட்டீன் அறவே கூடாது.

இரவில் மட்டும் பூசச் சொல்வதற்கு வெயில்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். அது பாதிக் காரணம். ட்ரெட்டினாயின் வெளிச்சம் பட்டாலே சிதைந்து பயனற்றுப்போகும். பழைய வகை ட்ரெட்டினாயினோடு பென்சாயில் பெராக்சைடைச் சேர்த்துப் பூசினால் இரண்டாவது முதலாவதைச் சிதைத்துவிடும் என்பதால்தான் ஒன்றைக் காலையிலும் மற்றதை இரவிலும் பூசச் சொல்வார்கள். அடாப்பலீன் இந்த இரண்டையும் தாங்கும். அதனால்தான் அதையும் பென்சாயில் பெராக்சைடையும் ஒரே ட்யூப்பில் அடைக்க முடிந்தது; அப்படிப்பட்ட கலவை ஜெல் அமெரிக்காவில் 2008-இல் அனுமதி பெற்றது. வெளியடுக்கு மெலிந்த தோல் வெயிலில் சீக்கிரம் கன்றிப்போகும் என்பது இவை எல்லாவற்றுக்கும் பொது. சன்ஸ்கிரீனைப் பெண்களின் சமாசாரம் என்று ஒதுக்கி வைத்திருந்த நான், இருபது நிமிட நடையில் காதுமடலுக்குக் கீழே சுட்டுக்கொண்டபின் அந்தக் கருத்தை ஓசையின்றி மாற்றிக்கொண்டேன்.

காலை ட்யூப்பான கிளிண்டமைசின் எனக்கு எந்தத் தொல்லையும் தரவில்லை. ஆனால் அதன் துண்டுத்தாளைத் தேடிப் படித்தபோதுதான் வியப்பு காத்திருந்தது. முகத்தில் பூசுகிற ஒரு ஜெல்லுக்கு, வயிற்றுப்போக்கு விடாமல் நீடித்தாலோ மலத்தில் இரத்தம் கண்டாலோ உடனே நிறுத்த வேண்டும் என்ற எச்சரிக்கை! தோல் வழியாகச் சிறிதளவு கிளிண்டமைசின் உள்ளே போகிறது. மிக அரிதாக, குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் குறைந்து, தீங்கு செய்யும் ஒரு கிருமி பெருகிப் பெருங்குடல் அழற்சி உண்டாகக்கூடும். ஏற்கெனவே பெருங்குடல் புண் நோய் உள்ளவர்கள் இதைப் பூசக்கூடாது என்பதும் அங்கே இருக்கிறது. கன்னத்துக்கும் குடலுக்கும் என்ன தொடர்பு என்று யாரும் மருத்துவரிடம் தானாகப் போய்ச் சொல்ல மாட்டார்கள். எனவே கேட்க வேண்டியவர் மருத்துவர்தான் என்பது என் கட்சி. இன்னொன்றும் உண்டு. ஆன்டிபயாடிக் ஜெல்லைத் தனியாக நீண்ட காலம் பூசினால் கிருமிகள் அதை எதிர்க்கப் பழகிவிடும். அப்படிப் பழகிய கிருமிகள் ஒரே வீட்டில் வசிக்கும், பருவே இல்லாத உறவினரின் தோலிலும் காணப்பட்டிருக்கின்றன. பென்சாயில் பெராக்சைடோடு இணைத்தே இதைக் கொடுப்பதற்கு முக்கியக் காரணம் அந்த எதிர்ப்பைத் தடுப்பதுதான். துணி பாழாகிறதே என்று நான் பெராக்சைடை மட்டும் நிறுத்திவிடலாமா எனக் கேட்டபோது மருத்துவர் தலையசைத்து மறுத்ததன் பொருள் அப்போது எனக்குத் தெரியவில்லை.

எரிச்சலையும் ஒவ்வாமையையும் பிரித்தறிவது முக்கியம். எரிச்சல் பூசிய அளவைப் பொறுத்தது, குறைத்தால் குறையும். ஒவ்வாமை அப்படியல்ல. அரிப்பு மேலோங்கி, பூசிய எல்லையைத் தாண்டி, கண்ணிமை வீங்கினால் ட்யூப்பை அன்றே மூடிவிட வேண்டும். பென்சாயில் பெராக்சைடு அல்லது சாலிசிலிக் அமிலம் கொண்ட, சீட்டில்லாமல் கிடைக்கும் பருப் பூச்சுகளால் அரிதாகத் தொண்டை இறுக்கம், மூச்சுத்திணறல், முகவீக்கம்வரை ஏற்பட்டிருப்பதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2014-இல் எச்சரித்தது. புதிதாக ஒன்றைத் தொடங்குபவர்கள் முதல் மூன்று நாள் ஒரு சிறு இடத்தில் மட்டும் பூசிப் பார்க்க வேண்டும் என்பதும் அதே எச்சரிக்கையின் பகுதி. பென்சாயில் பெராக்சைடு சூட்டில் சிதைந்து, புற்றுநோயை உண்டாக்கும் பென்சீனாக மாறலாம் என்ற சர்ச்சை 2024-இல் எழுந்தது நினைவிருக்கலாம். அந்த நிர்வாகம் 95 பொருட்களைச் சோதித்து, 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றில் பென்சீன் இல்லை அல்லது மிக மிகக் குறைவு என்று 2025 மார்ச்சில் அறிவித்தது. சில மட்டும் திரும்பப் பெறப்பட்டன. நான் பூசுவதை நிறுத்தவில்லை. காரின் முன்பெட்டியில் ட்யூப்பை வைத்திருந்த பழக்கத்தை மட்டும் நிறுத்தினேன்.

இதுவரை சொன்னவை எல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடிய தொல்லைகள். என் நண்பர் ஒருவருக்கு நடந்தது அப்படிப்பட்டதல்ல. பருத்தழும்பு மறைய என்று யாரோ சொன்ன ஒரு கலவைக் களிம்பை அவர் மருத்துவரிடம் காட்டாமலேயே ஓராண்டு பூசினார். தோலின் நிறமியைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு என்ற மூன்றையும் சேர்க்கும் அந்தக் கலவை புதியதல்ல; 1975-இல் ஆல்பர்ட் கிளிக்மன், ஐசக் வில்லிஸ் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் நிறமித் திட்டுகளுக்காக 5 விழுக்காடு ஹைட்ரோகுவினோன், 0.1 விழுக்காடு ட்ரெட்டினாயின், 0.1 விழுக்காடு டெக்ஸாமெத்தசோன் என்ற கணக்கில் அதை விவரித்தார்கள். குறுகிய காலத்துக்கு, மருத்துவரின் கண்காணிப்பில் பூச வேண்டிய வகை அது. ஸ்டீராய்டு முதல் வாரத்தில் எந்தச் சிவப்பையும் அடக்கிவிடும். நண்பரும் இதைப்போல மருந்து உண்டா என்று மகிழ்ந்துபோனார். பிறகு தோல் மெலிந்து கன்னத்தில் இரத்த நாளங்கள் நூல் நூலாகத் தெரிந்தன, பூனைமுடி வளர்ந்தது, எதற்காகத் தொடங்கினாரோ அந்தப் பருவே, ஒரே அளவில், கடுகு தெளித்ததுபோல் முகமெங்கும் வந்தது. நிறுத்தினால் இரண்டே நாளில் முகம் தீயாக எரியும், பூசினால் அடங்கும். எரிச்சலுக்குப் பயந்தே பூசிக்கொண்டிருந்தார். அதிலிருந்து அவரை மெல்ல மெல்ல விடுவிக்கத் தோல் மருத்துவருக்கு எட்டு மாதம் பிடித்தது. அந்த எட்டு மாதமும் அவர் படக்கருவியை இயக்காமலேயே அலுவலகக் கூட்டங்களில் பேசினார்.

மேலே சொன்ன கிளிக்மன்தான் ட்ரெட்டினாயினை முகப்பருவுக்குப் பயன்படுத்தலாம் என்று, ஜேம்ஸ் ஃபுல்டன் முதலியோருடன் சேர்ந்து 1969-இல் காட்டியவர். 1971-இல் அதற்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பருவுக்காக அதைப் பூசிய நடுத்தர வயதுப் பெண்கள் சிலர், முகச் சுருக்கமும் குறைகிறதே என்று சொல்லத் தொடங்கியதும், இன்று உலகமே ரெட்டினாய்டு பின்னால் ஓடுவதற்கு அது வழிவகுத்தது; எதிர்பாராத விளைவுகளில் வரவேற்கப்பட்டது இது ஒன்றுதான். அதே கிளிக்மன் பிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை, பெரும்பாலும் கறுப்பினக் கைதிகளின் தோலில், அவர்களுக்குச் சரியாக விளக்காமலே சோதனைகள் நடத்தினார் என்பதும், அதற்காக அந்த நகரம் 2022-இல் மன்னிப்புக் கேட்டது என்பதும் அதே வரலாற்றின் பகுதிகள். இதைத் தெரிந்துகொண்ட இரவு ட்யூப்பைக் கையில் வைத்துக்கொண்டு வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நின்றேன், பிறகு பூசிக்கொண்டேன்.

பன்னிரண்டாம் வாரத்தில் என் தாடை அடங்கியது. இப்போது வாரத்துக்கு மூன்று இரவு மட்டும், ஒரே ஒரு பட்டாணி. துண்டும் உறையும் வெள்ளையில் வாங்கியாகிவிட்டது. என் மனைவியின் இரவு உடையும் அவளாகவே வெள்ளைக்கு மாறிவிட்டது. செம்பு நிறத் தாடி நான்கு முறை வெட்டியதில் போய்விட்டது. பழைய கருநீல உறையைக் கிழித்து வண்டி துடைக்க வைத்திருக்கிறேன். கிரீஸ் படிந்து நீலம் முழுவதும் கறுத்துவிட்டது. அந்தக் கன்னம் மட்டும் இன்னும் ஆரஞ்சாகவே இருக்கிறது.